‘ஸ்லடு’ன்னு சொன்ன கமென்டேட்டர்

போன மாசம் நம்ம நிகழ்ச்சிக்கு ஒரு மெயில் வந்துச்சு. “ஹிஸ்டரி பேசுறீங்க, ஆனா தமிழ் கொச்சையா இருக்கே”ன்னு. ரெண்டு நாள் அதையே யோசிச்சுட்டு இருந்தேன். அப்பதான் டிஸ்ஸி டீன் ஞாபகம் வந்தார். இந்த மெயில் அவருக்கு 1946-லயே வந்திருச்சு. எழுதினது மிசௌரி மாநிலத்துப் பள்ளி ஆசிரியர்கள்.

1910-ல அமெரிக்காவோட ஆர்கன்சா மாநிலத்துல லூகஸ்ங்கிற ஊர்ல பிறந்தவர். குத்தகை விவசாயக் குடும்பம். சின்ன வயசுலயே பருத்தி எடுக்கப் போனதால பள்ளிக்கூடம் பெருசா போகல. பட்டாளத்துல சேர்ந்தப்ப கிடைச்ச பட்டப்பேர்தான் ‘டிஸ்ஸி’. தலை சுத்துற ஆள், கிறுக்கன்னு வெச்சுக்கங்களேன். அங்கிருந்து செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் டீமுக்கு பிட்ச்சரா வந்தார்.

பிட்ச்சர்னா நம்ம பவுலர் மாதிரி, ஆனா ஓடி வரமாட்டார். சின்ன மண் மேட்டுல நின்னு 60 அடி 6 அங்குலம் தள்ளி இருக்கிற இலக்குக்குப் பந்தை எறியணும். 1934 சீசன்ல டிஸ்ஸி பேர்ல மட்டும் 30 வெற்றி. நேஷனல் லீக்ல அதுக்கப்புறம் இன்னைக்கு வரைக்கும் யாரும் 30-ஐத் தொடல. அதே டீம்ல தம்பி பால் டீனுக்கு 19. அந்த வருஷ வேர்ல்ட் சீரிஸ்ல டெட்ராய்ட்டை ஜெயிக்கத் தேவைப்பட்ட 4 வெற்றியும் அண்ணன் தம்பி கணக்குலதான், ஆளுக்கு ரெண்டு.

அப்புறம் 1937. வாஷிங்டன்ல ஆல் ஸ்டார் மேட்ச். ஏர்ல் அவெரில் அடிச்ச பந்து நேரா வந்து டீனோட இடது கால் விரல்ல பட்டு எலும்பு முறிஞ்சுது. விரல்தானேன்னு தோணும். ஆனா வலது கையால எறியுறவர் உடம்போட மொத்த வெயிட்டையும் இடது கால்லதான் இறக்குவார். அந்தக் கால் வலிச்சா, தன்னை அறியாமலே எறியுற விதம் மாறும், சுமையெல்லாம் தோளுக்குப் போகும். டீன் ரெண்டே வாரத்துல திரும்ப ஆட வந்துட்டார். தோள் போச்சு. அவரோட வீரத்துக்கு உதாரணமா இதைச் சொல்றவங்க உண்டு. எனக்கு அப்படித் தோணல. நிறுத்தி வெச்சிருக்க வேண்டியவங்க நிறுத்தல, அவ்வளவுதான்.

1938-ல கார்டினல்ஸ் அவரை சிகாகோ கப்ஸுக்கு வித்துட்டாங்க. மூணு ஆட்டக்காரர், கூடவே 1,85,000 டாலர். அந்தக் காலத்துக்கு அது பயங்கரமான தொகை. மொத்தம் 150 வெற்றியில கப்ஸுக்காக எடுத்தது வெறும் 16. 1941-ல, 31 வயசுல, ஆட்டம் முடிஞ்சுது.

கையில வேற தொழில் இல்ல, படிப்பும் இல்ல. வாய் மட்டும் இருந்துச்சு. அதே வருஷம் செயின்ட் லூயிஸ் ரேடியோவுல கமென்டரி சொல்ல உட்கார்ந்தார். ஆட்டக்காரர் சறுக்கிப்போய் பேஸைத் தொட்டா இங்கிலீஷ்ல ‘ஸ்லிட்’னு சொல்லணும். டீன் ‘ஸ்லடு’ன்னார். நம்ம ஊர் நியூஸ்ல “அமைச்சர் வந்துட்டாப்ல”ன்னு வாசிச்சா எப்படி இருக்கும்? அப்படித்தான். பிள்ளைங்க கெட்டுப்போறாங்கன்னு வாத்தியார்கள் புகார் கொடுத்தாங்க. பேப்பர்கள்ல பெரிய விவாதம் நடந்துச்சு. டீன் மாத்திக்கல. ரேடியோ கேட்ட முக்கால்வாசிப் பேர் வீட்லயும் அதுதானே பேச்சு!

வாய் வம்பும் இழுத்துச்சு. 1947-ல செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் படுமோசமா ஆடிட்டு இருந்தாங்க. இந்தப் பிட்ச்சர்களைவிட நானே நல்லா போடுவேன்னு மைக்ல சொல்லிட்டார். காலியாக் கிடந்த ஸ்டேடியத்துக்குக் கூட்டம் வேணுமே, நிர்வாகம் “சரி, வந்து போடு”ன்னுடுச்சு. செப்டம்பர் 28, சீசனோட கடைசி நாள். 37 வயசு, தொப்பை, செத்துப்போன தோள். எதிர்ல சிகாகோ ஒயிட் சாக்ஸ். நாலு இன்னிங்ஸ் போட்டார். ஒரு ரன்கூடக் கொடுக்கல. பேட்டையும் எடுத்து ஒரு ஹிட் அடிச்சார். ஓடுனப்ப தொடைத் தசை பிடிச்சுக்கிச்சு, அதோட சரி. காமெடின்னுதான் இதைச் சொல்லுவாங்க. எனக்கு அந்த நாலு இன்னிங்ஸ் வேற மாதிரி படுது. பத்து வருஷம் முன்னாடி அவசரப்படுத்தாம விட்டிருந்தா என்ன இருந்திருக்கும்னு அவருக்கும் ஒரு நிமிஷம் தோணியிருக்கும்ல?

1953-ல ஹால் ஆஃப் ஃபேம் கிடைச்சுது. அதே வருஷம் ஏபிசி டிவியில வாராவாரம் ஒரு மேட்ச், 1955-ல இருந்து சிபிஎஸ்ல. பெரிய லீக் டீம் இருக்கிற நகரங்கள்ல அது தெரியாது. சின்ன டவுன்கள்லயும் கிராமத்துலயும்தான் தெரியும். பருத்திக்காட்டுல இருந்து வந்தவரோட பேச்சை, அந்த மாதிரி ஊர்க்காரங்கதான் சனிக்கிழமை ஆனா டிவி முன்னாடி உட்கார்ந்து கேட்டாங்க. 1965 வரைக்கும் அந்த மேட்ச்கள்ல ‘ஸ்லடு’ போயிட்டே இருந்துச்சு.

மெயில் அனுப்பின நண்பருக்கு இன்னும் பதில் போடல. இந்த எபிசோடோட லிங்க்கை அனுப்பிடலாம்னு இருக்கேன்.