நம்பிக்கையும் நாணயமும்: இலங்கையில் வங்கி மோசடியின் வளர்ச்சி

நாணயம் என்னும் சொல் தமிழில் இருபொருள் தரும். ஒன்று காசு, மற்றது நேர்மை. இவ்விரண்டும் பிரிந்த கதையே வங்கி மோசடியின் வரலாறு எனலாம்.

கல்முனைக் கரையிலே ஒருகாலத்தில் கடன் என்பது முகமறிந்தோரிடையே நிகழ்ந்தது. வட்டையில் விதைப்பவன் போடியாரிடம் முற்பணம் பெற்று, அறுவடையில் நெல்லாக அளந்தான். அதிற் சுரண்டல் இருந்தது. ஆயினும் கொடுத்தவரும் கொண்டவரும் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். 1939 இல் இலங்கை வங்கியும் 1961 இல் மக்கள் வங்கியும் தோன்றியபின், நாட்டுப்புறச் சேமிப்பு படிப்படியாக நிறுவனங்களின் கைக்கு வந்தது. முகமறியாதாரை நம்பவேண்டிய நிலையில், கணக்காய்வும் சட்டமுமே காவலாயின.

1977 இன் திறந்த பொருளாதாரக் கொள்கையின் பின்னர் நிதிக் கம்பனிகள் பெருகின. காவல் அவ்வேகத்தில் வளரவில்லை. 2002 இல் பிரமுக வங்கி வீழ்ந்தது. 2008 இல், கடனட்டைக் கம்பனியாகிய கோல்டன் கீ, வைப்பு ஏற்கும் அனுமதியின்றி, உயர்வட்டி காட்டித் திரட்டிய சுமார் 2600 கோடி ரூபாவோடு சரிந்தது. அதே குழுமத்தின் இலாபப் பகிர்வு நிறுவனமும் தடுமாறிற்று. வட்டியைத் தவிர்க்கும்பொருட்டு அதனை நாடிய முஸ்லிம் வைப்பாளர்கள் முதலையே தேடி அலைந்தனர். இவற்றின் பின்னரே 2010 இல் வைப்புக் காப்புறுதித் திட்டமும், 2011 இல் நிதித் தொழிற் சட்டமும் வந்தன.

ஆயின் 2015 பெப்ரவரி 27 இல் காவலனின் வாசலிலேயே ஐயம் எழுந்தது. 100 கோடி ரூபாவுக்கென அறிவிக்கப்பட்ட மத்திய வங்கிப் பிணைமுறி ஏலத்தில் ஏறத்தாழ 1000 கோடி ரூபா உயர்வட்டிக்கு ஏற்கப்பட்டது. அரசுக்கு 68.8 கோடி ரூபாவுக்குக் குறையாத நட்டம் ஏற்பட்டதெனச் சனாதிபதி ஆணைக்குழு 2017 இறுதியில் அறிக்கையிட்டது.

மோசடியின் நட்டம் ஏமாந்தவரோடு நிற்பதில்லை. அரசு கூடிய வட்டிக்குக் கடன்பட்டால் அதனை வரியிறுப்போனே செலுத்துகின்றான். வைப்பாளன் அஞ்சினாற் சேமிப்பு நகையாகவும் காணியாகவும் முடங்குகின்றது. மருதமுனை நெசவாளனுக்கும் கல்முனை மீனவனுக்கும் எட்டவேண்டிய தொழிற்கடன் அருகுகின்றது. அவர்கள் மீண்டும் தனியார் வட்டிக்காரனின் படியேறுகின்றனர். பழைய சுரண்டல் புதிய வழியால் திரும்பி வருகின்றது.

ஒவ்வொரு சட்டமும் ஒரு வீழ்ச்சியின் பின்னரே பிறந்தது. பிறந்த சட்டமும் காப்போரின் நேர்மையளவே காத்தது. வெள்ளம் வருமுன் அணைகோலுவதோடு, அணையைக் காப்போனையும் கண்காணித்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.