டெவன் லாக்: ஐம்பது கெஜத்தில் நின்றுபோன ஓட்டம்

புதுச்சேரியிலிருந்து சேதராப்பட்டைக் கடந்து மயிலம் போகும் சாலையில் பயணம் செய்பவர்கள் தொழிற்பேட்டையின் கொட்டகைகளைத் தாண்டியதும் செம்மண் நிலத்துக்குள் நுழைகிறார்கள். இப்பக்கத்துக் கிராமங்களின் எல்லையில் ஐயனாரின் சுதைக் குதிரைகள் நிற்கும். முன்னங்கால் ஒன்றைத் தூக்கி, காதுகளை விறைத்து, பாயப்போகும் கணத்தில் உறைந்துபோனவை அவை. அதே திசையில் இன்னும் கொஞ்ச தூரம் போனால் செஞ்சி. தேசிங்கு ராஜன் என்று நம் கதைப்பாடல்கள் பாடும் தேஜ்சிங், ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லாகானுடன் போரிட்டு 1714 அக்டோபரில் இருபத்துச் சொச்சம் வயதில் மாண்ட மண். வெள்ளம் புரண்ட வராக நதியில் தயங்காமல் குதிரையை இறக்கி அக்கரை ஏறியவன் என்பதும், போரில் குதிரையின் கால்கள் வெட்டப்பட்ட பின்னரே அவன் வீழ்ந்தான் என்பதும் இங்கே வழிவழியாகச் சொல்லப்படுபவை. குதிரையின் பெயர் பாராசாரி. நண்பன் மகபத்கானின் குதிரை நீலவேணி. மனிதர்களுக்கு இணையாகக் குதிரைகளின் பெயரையும் நினைவில் வைத்துக்கொண்ட கதை தமிழில் இதைப்போல் வேறொன்று உண்டா என்று தெரியவில்லை.

தேசிங்கின் கதையை எண்ணும்போதெல்லாம் எனக்கு அதற்குத் துளியும் தொடர்பில்லாத ஒரு கறுப்பு வெள்ளைச் செய்திப்படம் நினைவுக்கு வரும். 1956 மார்ச் 24 அன்று, இங்கிலாந்தில் லிவர்பூல் நகரை ஒட்டிய ஐன்ட்ரீ மைதானத்தில் எடுக்கப்பட்டது. ஒரு குதிரை தனியாக முன்னால் ஓடி வருகிறது. தாண்ட வேண்டிய தடைகள் அனைத்தையும் தாண்டியாகிவிட்டது. வெற்றிக் கம்பத்துக்கு ஐம்பது கெஜம்கூட இல்லை. திடீரென முன்னங்கால்களை நீட்டி, இல்லாத ஒன்றைத் தாண்டுவதுபோல் எழும்பி, வயிறு தரையில் அறைய விழுகிறது. பின்னால் வந்த குதிரை அதைக் கடந்து போய் வென்றுவிடுகிறது. சில நொடிகள்தாம். விழுந்த குதிரையின் பெயர் டெவன் லாக்.

இவ்வோட்டத்தின் இயல்பைச் சற்றுச் சொல்லவேண்டும். குதிரைப் பந்தயம் என்றால் நமக்கு கிண்டிதான். சமதரையில் சில நிமிடங்களில் முடிந்துபோகும் ஓட்டம். தமிழ்த் திரைப்படங்களிலும் கதைகளிலும் ரேஸ் என்பது வீட்டுப் பத்திரம் அடகுக்குப் போவதற்கான ஒரு காரணம், அவ்வளவே. 1974இல் தமிழக அரசு அதைச் சட்டமியற்றித் தடை செய்ததும், 1996இல் உச்சநீதிமன்றம் அது சூதல்ல, திறமை சார்ந்த விளையாட்டு என்று தீர்ப்பளித்ததும், 2024 செப்டம்பரில் கிண்டி மைதானத்தை அரசு முத்திரையிட்டதும் வேறொரு கட்டுரைக்கான விஷயம். தடைதாண்டும் ஓட்டம், ஸ்டீப்பிள்சேஸ், நம்மூரில் வேர்கொள்ளவில்லை. ஆங்கிலேயர் காலத்துக் கல்கத்தாவில் அது நடந்ததுண்டு. அதன் பிறப்பிடம் அயர்லாந்து. 1752இல் கார்க் மாவட்டத்தில் இருவர், ஓர் ஊரின் தேவாலயத்திலிருந்து அடுத்த ஊரின் தேவாலயக் கோபுரத்தைக் குறியாக வைத்து, நடுவிலிருந்த வேலி, பள்ளம், ஓடை எல்லாவற்றையும் தாண்டிக் குதிரைகளை விரட்டினார்கள் என்பது வரலாறு. கோபுரத்தை நோக்கிய துரத்தல் என்பதுதான் பெயரின் பொருள்.

அந்த ஓட்டங்களின் உச்சம் ஐன்ட்ரீயின் கிராண்ட் நேஷனல். டெவன் லாக்கின் நாளில் ஏறக்குறைய நாலரை மைல், முப்பது தடைகள். ஓடுபவை த்ரோபிரெட் இனக் குதிரைகள். இவ்வினத்தின் ஆண்வழி முழுவதும் கிழக்கிலிருந்து கொண்டுபோகப்பட்ட மூன்று பொலிக்குதிரைகளிடம் போய்ச் சேர்கிறது. அவற்றில் ஒன்றான டார்லி அரேபியன் அலெப்போ நகரிலிருந்து இங்கிலாந்து போய்ச் சேர்ந்த ஆண்டு 1704. தேசிங்கு செஞ்சியில் மாள்வதற்குப் பத்தாண்டு முன்பு. அரபுக் குதிரைகள் நூற்றாண்டுகளாகக் கடல் வழியே பாண்டிய நாட்டுக்கு வந்து, தீனியும் பராமரிப்பும் தெரியாமல் ஆண்டுதோறும் செத்துக்கொண்டிருந்ததை மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அரசன் கொடுத்த குதிரைப் பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்ட மாணிக்கவாசகருக்காக நரிகள் பரிகளான கதையின் பின்னணியிலும் இந்த வணிகம்தான் இருக்கிறது. நாம் வாங்கிக்கொண்டே இருந்தோம். அவர்கள் மூன்றை வைத்து ஓர் இனத்தையே உருவாக்கி, தலைமுறைக்குத் தலைமுறை பதிவேடு எழுதினார்கள். வருத்தமாகச் சொல்லவில்லை, வித்தியாசத்தைச் சொல்கிறேன்.

டெவன் லாக் 1946இல் பிறந்த அயர்லாந்துக் குதிரை. அதை வளர்த்தெடுத்த லாயத்துக்கென்று ஒரு துரதிருஷ்ட வரலாறு இருந்தது. கென்ட் மாவட்டத்தின் ஃபேர்லான் என்ற மாளிகையில் பீட்டர் கசலே நடத்திய லாயம் அது. இலக்கிய வாசகர்களுக்கு அவரை வேறு வழியாகவும் அடையாளம் காட்டலாம். நகைச்சுவை மேதை பி.ஜி. வுட்ஹவுஸ் தன் மகளாகவே பாவித்த வளர்ப்பு மகள் லியோனோராவைக் கசலே 1932இல் மணந்தார். போர்க்காலத்தில், 1944இல், அவள் இளம் வயதிலேயே இறந்துபோனாள். கசலேயின் நெருங்கிய நண்பர் ஆன்டனி மில்ட்மே பிரபு. பணத்துக்காக அல்லாமல் விருப்பத்துக்காகச் சவாரி செய்தவர். 1936 கிராண்ட் நேஷனலில் டேவி ஜோன்ஸ் என்ற, எவரும் பொருட்படுத்தாத குதிரையில் முன்னணியில் வந்துகொண்டிருந்தபோது கடைசிக்கு முந்தைய தடையில் கடிவாள வாரின் கொக்கி கழன்றுகொள்ள, திருப்ப வழியின்றி குதிரை கடைசித் தடையை விட்டு விலகி ஓடிவிட்டது. 1948இல் கசலே பயிற்றுவித்த கிராம்வெல் மீது வந்தபோது, பழைய காயத்தால் கழுத்துப் பிடித்துக்கொண்டு தலை நிமிர்த்த முடியாமல் மூன்றாவதாக முடித்தார்.

இந்த மில்ட்மேதான் 1949இல் வின்ட்சர் அரண்மனை விருந்தொன்றில், அப்போதைய அரசி எலிசபெத்திடம் (பின்னாளில் அரசியன்னை என்று அழைக்கப்பட்டவர்) தடைதாண்டும் குதிரை ஒன்றை வாங்கும்படி சொன்னார். அரசியும் அவர் மகளும் சேர்ந்து மொனவீன் என்ற குதிரையை வாங்கினார்கள். 1950 கிராண்ட் நேஷனலில் ஐந்தாவதாக வந்த அது, அதே ஆண்டில் வேறொரு ஓட்டத்தில் காலொடிந்து கொல்லப்பட்டது. மில்ட்மேயும் அவ்வாண்டே கடலில் நீந்தப் போய் மூழ்கி இறந்தார். இவ்வளவுக்குப் பிறகும் அரசி விலகவில்லை. இந்த விளையாட்டின் மீது எனக்கு ஒருபோதும் தீராத ஐயம் உண்டு. சவாரி செய்பவன் தெரிந்தே ஏறுகிறான், குதிரையிடம் யாரும் கேட்பதில்லை. ஐன்ட்ரீயில் மாண்ட குதிரைகள் பல. 2013இல் தடைகளின் உட்பகுதியை மென்மையாக்கினார்கள். 2024 முதல் ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையை நாற்பதிலிருந்து முப்பத்துநான்காகக் குறைத்தார்கள். குறைத்தார்கள் என்பதே முன்பு என்ன நடந்தது என்பதற்கான ஒப்புதல்.

டெவன் லாக்குக்கு வருவோம். கால் தசைநார்ச் சிக்கலால் இளமையின் நல்ல ஆண்டுகளை அது லாயத்திலேயே கழிக்க நேர்ந்தது. 1955-56 பருவத்தில்தான் அதன் முழு ஆற்றலும் வெளிப்பட்டது. வெற்றிகள் வந்தன, செல்டன்ஹாமிலும் நன்றாக ஓடியது. பத்து வயதில், அரசியன்னையின் மற்றொரு குதிரையான மாதுவூவும் உடன் ஓட, கிராண்ட் நேஷனலுக்குப் போனது. அரச குடும்பத்துக் குதிரை ஒன்று கடைசியாக அதை வென்றது 1900இல். சவாரி செய்தவர் டிக் ஃபிரான்சிஸ். வேல்ஸில் பிறந்தவர், போரின்போது விமானப் படையில் இருந்தவர், 1953-54 பருவத்தில் பிரிட்டனின் முதன்மை ஜாக்கி. கிராண்ட் நேஷனலில் அதுவரை அவருக்கு வாய்த்தது 1949இல் பெற்ற இரண்டாம் இடம் மட்டுமே.

மாதுவூ வழியில் விழுந்துவிட்டது. டெவன் லாக் தவறே செய்யவில்லை. முன்னால் விழுந்த குதிரையொன்றைச் சமயோசிதமாக விலகிக் கடந்தது. கடைசித் தடையைத் தாண்டியபோது இ.எஸ்.பி. என்ற குதிரை பின்னால் இருந்தது, இடைவெளி கூடிக்கொண்டே போனது. நேரச் சாதனையை முறியடிக்கும் வேகம். அரசியும் அரசியன்னையும் இளவரசி மார்கரெட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் வெடித்துக் கூவியது. அப்போதுதான் அது நிகழ்ந்தது. டிக் ஃபிரான்சிஸ் கீழே விழவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கழுத்தைப் பற்றிக்கொண்டு முதுகிலேயே இருந்தார். குதிரை எழ முயன்று, பின்னங்கால்கள் ஒத்துழையாமல் தடுமாறியது. இ.எஸ்.பி. மீது வந்த டேவ் டிக் தன் கண்களை நம்ப முடியாமல் கடந்து போனார். ஃபிரான்சிஸ் இறங்கி, கையிலிருந்த சவுக்கை வீசியெறிந்தார். சற்று நேரத்தில் டெவன் லாக் ஒன்றுமே நடக்காததுபோல் லாயத்துக்கு நடந்து போனது. சோதித்துப் பார்த்த கால்நடை மருத்துவர்களுக்கு எந்தக் காயமும் தென்படவில்லை.

இழப்பை அரசியன்னை ஏற்றுக்கொண்ட விதம் பரவலாகப் பேசப்பட்டது. ஓட்டம் என்றால் இப்படித்தான் என்ற அளவில் சொல்லிவிட்டு, முதலில் ஜாக்கியையும் லாயத்துப் பணியாளர்களையும் தேற்றப் போனார் என்கிறார்கள். 2002இல் இறக்கும்வரை நானூறுக்கு மேற்பட்ட ஓட்டங்களை அவருடைய குதிரைகள் வென்றன. கிராண்ட் நேஷனல் மட்டும் கிடைக்கவே இல்லை.

ஏன் விழுந்தது? விளக்கங்கள் குவிந்தன. தசைப்பிடிப்பு என்றார்கள் சிலர். இதயத்தில் நொடிநேரக் கோளாறு என்றார்கள் வேறு சிலர். என்னை ஈர்த்த விளக்கம் தண்ணீர்த் தடை பற்றியது. ஐன்ட்ரீயில் முதல் சுற்றில் மட்டும் தாண்டப்படும் நீர்த்தடை ஒன்று உண்டு. இரண்டாம் சுற்றில் குதிரைகள் அதன் பக்கவாட்டில் ஓடிவந்துவிடும். டெவன் லாக் எழும்பிய இடம் அதற்கு நேர் எதிரே. ஓரக்கண்ணில் அந்தத் தடையின் விளிம்போ நிழலோ பட்டு, தாண்ட வேண்டும் என்று பழகிய உடல் தானாகவே எழும்பிவிட்டது என்பது வாதம். படத்தில் அதன் காதுகள் விறைப்பதைப் பார்த்தால் நம்பத் தோன்றும். ஃபிரான்சிஸ் இதை ஏற்கவில்லை. அரச குடும்பத்தின் வெற்றியை எதிர்பார்த்து இலட்சக்கணக்கானோர் எழுப்பிய பேரொலி முன்பின் கேட்டிராத அலையாக வந்து மோதியதில் குதிரை நிலைகுலைந்தது என்ற முடிவுக்கே அவர் இறுதியில் வந்தார். அப்படியானால் அதை வீழ்த்தியது அதன்மீது கொண்ட பிரியம்தான். ஆனால் நான் நிழலின் கட்சியே. எல்லாத் தடைகளும் முடிந்துவிட்டன என்பதை ஒரு குதிரைக்கு யாரும் சொல்லியிருக்க முடியாது.

ஆங்கிலத்தில் கடைசி நொடியில் கைநழுவும் வெற்றிக்கு டெவன் லாக்கின் பெயரைச் சொல்வது வழக்காகிவிட்டது. தோற்ற குதிரையின் பெயர் நிற்கிறது. அன்று வென்ற இ.எஸ்.பி.யை யாரேனும் நினைவு கூர்ந்தால் அதுவும் டெவன் லாக்கின் பொருட்டே.

அந்த வீழ்ச்சியின் புகழால்தான் டிக் ஃபிரான்சிஸிடம் சுயசரிதை எழுதச் சொல்லி ஓர் இலக்கிய முகவர் வந்தார். 1957 தொடக்கத்தில் இன்னொரு விபத்துக்குப் பின் சவாரியிலிருந்து விலகிய அவர், அதே ஆண்டு சுயசரிதையை வெளியிட்டார். தொடர்ந்து நாளிதழ்ப் பத்தி, பிறகு நாவல்கள், நாற்பதுக்கும் மேல். ஏறத்தாழ அனைத்திலும் குதிரைகள். மனைவி மேரியின் பங்கு அவற்றில் எவ்வளவு என்ற சர்ச்சை 1999இல் வெளிவந்த ஒரு வாழ்க்கை வரலாற்றால் எழுந்தது. 2000இல் மேரி இறந்ததும் ஆறாண்டுகள் நாவல் வரவில்லை என்பது சர்ச்சையைக் காட்டிலும் அழுத்தமான சாட்சி. டெவன் லாக் விழாதிருந்தால் தான் எழுத்தாளன் ஆகியிருக்க மாட்டேன் என்ற பொருளில் அவரே சொன்னதுண்டு. 2010இல் இறந்தார்.

1962இல் வந்த அவருடைய முதல் நாவல் 'டெட் செர்ட்' தொடங்குவதே ஓட்டத்தில் முன்னணியில் வரும் ஒரு குதிரையின் வீழ்ச்சியோடு. தடையின் குறுக்கே யாரோ கம்பி கட்டியிருக்கிறார்கள். கதாநாயகன் அந்த யாரோவைத் தேடிப் போகிறான், கண்டுபிடிக்கிறான். ஐன்ட்ரீயில் கிடைக்காத கம்பியை ஃபிரான்சிஸ் புனைவில் கட்டிவைத்துக்கொண்டார் என்றே இதை வாசிக்கிறேன். நம் கதைப்பாடல்காரனும் அதைத்தான் செய்தான். திறைப் பாக்கியில் தொடங்கி ஒரு சிறு படையின் தோல்வியில் முடிந்த சம்பவத்துக்குள் விதியையும் சகுனத்தையும், போகாதே என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சிங்கவரத்து அரங்கநாதரையும் கொண்டுவந்து வைத்தான். காரணமில்லாமல் ஒரு குதிரை விழுவதை அவனாலும் தாங்க முடியவில்லை.

டெவன் லாக் அடுத்த பருவத்திலும் ஓடியது. 1956 டிசம்பரில் கெம்ப்டன் பார்க்கின் ஆறாம் ஜார்ஜ் கோப்பை ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தது. அடுத்த மாதம் பழைய கால்நோவு திரும்ப, ஓய்வு கொடுத்துவிட்டார்கள். நோயல் மர்லெஸ் என்ற புகழ்பெற்ற பயிற்சியாளர் அதைச் சவாரிக்கு வாங்கிக்கொண்டார். காலை நேரங்களில் தன் இளம் பந்தயக் குதிரைகள் ஓடிப் பழகுவதைப் பார்க்கப் போகும்போது அவர் ஏறிச் செல்லும் குதிரையாக அது இருந்தது. 1963இல் அதைக் கருணைக்கொலை செய்தார்கள். அப்போது அதற்கு வயது பதினேழு.