திருப்பயணியர் காணாத கருவூலம்

பழைய கோவாவிற்குத் திருப்பயணம் செல்லும் நாம், போம் ஜேசு பேராலயத்தில் புனித பிரான்சிஸ் சவேரியாரை வணங்கியதும் ஊர்தி ஏறிவிடுகிறோம். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்து நம் முன்னோரிடையே உழைத்தவர் அவர். அவர்பால் நமக்குத் தனி உரிமை உண்டு. ஆயினும், நடந்து செல்லும் தொலைவில் புனித மோனிக்கா மடத்தில் அமைந்துள்ள கிறிஸ்தவக் கலை அருங்காட்சியகத்தை நம்மில் எத்தனை பேர் கண்டிருக்கிறோம்?

சவேரியாரின் கல்லறையே இதற்கு நல்லதொரு முன்னுரை. 1698இல் நிறுவப்பெற்ற பளிங்குப் பீடம் பிளாரன்ஸ் நகரச் சிற்பி போஜினியின் கைவண்ணம். அதன்மேல் திகழும் வெள்ளிப் பேழையோ, அதற்கு அறுபது ஆண்டுகள் முன்னரே கோவாக் கொல்லர்கள் சமைத்தது. நற்செய்தி கடல் கடந்து வந்தது. அதற்கு அணி செய்த கைகள் இம்மண்ணின் கைகள்.

1994இல் இராஷோல் குருமடத்தில் தொடங்கப்பெற்று 2002இல் இம்மடத்திற்கு மாறிய இவ்வருங்காட்சியகம் உணர்த்தும் உண்மையும் இதுவே. கிறிஸ்தவரல்லாத கலைஞரிடம் திருவுருவங்களைச் செய்விக்கலாகாது என 1567ஆம் ஆண்டுக் கோவாச் சங்கம் தடை விதித்தது. பின்னரும் அத்தடை மீண்டும் மீண்டும் வலியுறுத்தப்பட்டதே, அது முழுமையாகக் கடைப்பிடிக்கப்படவில்லை என்பதற்குச் சான்று. கோவாவின் தந்தச் சிற்பங்களுள் புகழ்பெற்றது குழந்தை இயேசுவை நல்லாயனாகக் காட்டும் வடிவம். கன்னத்தில் கையூன்றி, இமை மூடி, ஆடுகள் சூழக் குன்றின்மேல் வீற்றிருக்கும் அக்குழந்தையில் புத்தரின் தியானச் சாயலைக் காண்கின்றனர் கலை வரலாற்றாசிரியர்.

இவை தாமாக நிலைத்தவை அல்ல. 1830களில் போர்த்துக்கீசிய அரசு துறவற அவைகளைக் கலைத்தபோது மடங்கள் பாழாயின. மோனிக்கா மடத்திற்கு எதிரேயிருந்த புனித அகுஸ்தீனார் ஆலயத்தின் கூரை 1842இல் இடிந்தது. இன்று எஞ்சி நிற்பது கோபுரத்தின் ஒரு பகுதியே. யாரோ பேணியவை மட்டுமே நம்மை வந்தடைந்துள்ளன.

நம் பங்குகளிலும் புதிய ஆலயம் எழும்போது பழைய மரச் சுரூபங்கள் எங்கே போகின்றன? செல்லரித்த திருமுழுக்கு ஏடுகளை யார் காக்கின்றனர்? அடுத்த திருப்பயணத்தில் ஒரு மணி நேரத்தை அருங்காட்சியகத்திற்கு ஒதுக்குவோம். ஊர் திரும்பியதும், நம் ஆலயத்தின் திருப்பண்ட அறையையும் ஒருமுறை திறந்து பார்ப்போம்.