சானடோரியத்திலிருந்து வீட்டிற்கு: சேத்துப்பட்டில் நடந்த ஓர் ஆய்வு

1948ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் புதுமைப்பித்தன் திருவனந்தபுரத்தில் காசநோயால் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 42. அதே ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் வெளிவந்த பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் இதழில், ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் புதிய மருந்து நுரையீரல் காசநோயாளிகளைச் சாவிலிருந்து மீட்கிறது என்பதை நிறுவிய கட்டுரை இடம்பெற்றது. இரண்டிற்கும் இடையே இருந்தவை நான்கே மாதங்கள். இந்த இரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு ஏதுமில்லை. எனினும் தமிழ் இலக்கிய வாசகர்களாகிய நமக்கு அந்த நான்கு மாதங்களை எளிதில் கடந்து செல்ல முடிவதில்லை.

அந்தக் கட்டுரை மருந்தைப் பற்றியது மட்டுமன்று. ஒரு மருந்து பயன்தருகிறதா என்று அறிவது எப்படி என்பதைப் பற்றியதும்கூட. போருக்குப் பின் பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் மிகக் குறைவாகவே கிடைத்தது. எல்லோருக்கும் கொடுக்க இயலாத நிலையில் யாருக்குக் கொடுப்பது? ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் என்ற புள்ளியியலாளர் அந்தப் பற்றாக்குறையையே ஆய்வுக்கு வாய்ப்பாக்கினார். 107 நோயாளிகள் தற்செயல் முறையில் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். யார் எந்தப் பிரிவு என்பது ஒட்டப்பட்ட உறைகளுக்குள் இருந்தது. மருத்துவரின் இரக்கமோ விருப்பமோ அதில் குறுக்கிட வழியில்லை. 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். ஆறு மாத முடிவில் முதற்பிரிவில் இறந்தவர்கள் 4 பேர், மற்றதில் 14 பேர். ஹில்லும் முதல் உலகப்போர்க் காலத்தில் காசநோய்க்கு ஆளாகி நெடுநாள் படுக்கையில் கிடந்தவர் என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

வெற்றி முழுமையானதாக இல்லை. ஸ்ட்ரெப்டோமைசினைத் தனியே கொடுத்தபோது கிருமிகள் விரைவிலேயே அதற்குப் பழகிவிட்டன. பாஸ் என்ற மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் அது பெருமளவு தடுக்கப்படுகிறது என்று அடுத்த ஆய்வு காட்டியது. 1952இல் ஐசோநயாசிட் வந்தது. விலை மலிவு, மாத்திரை வடிவம், வலுவான பயன். மருந்துகளைக் கூட்டாகவும் நீண்ட காலமும் கொடுக்கவேண்டும் என்ற பாடமும், வாய்வழி உட்கொள்ளத்தக்க இரு மருந்துகளும் மருத்துவ உலகின் கைக்கு வந்து சேர்ந்தன.

மலைக்காற்றும் மதராஸ் சேரியும்

மருந்துகள் வருவதற்கு முன்னர் காசநோய்க்கான மருத்துவம் சானடோரியம்தான். தூய காற்று, முழு ஓய்வு, சத்தான உணவு, குடும்பத்திலிருந்து விலகல் ஆகிய நான்கு தூண்களின்மேல் அது நின்றது. தாமஸ் மன் 1924இல் வெளியிட்ட ‘மாய மலை’ நாவலின் களம் டாவோஸ் மலையிலுள்ள அத்தகைய ஓர் இல்லமே. தமிழகத்தில் 1928இல் மருத்துவர் சௌரி முத்து தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் பின்னர் அரசின் பொறுப்பிற்கு வந்தது. அப்பெயர் ரயில் நிலையத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டது.

விடுதலைக்குப்பின் இந்தியா எதிர்கொண்ட கணக்கு மிகக் கடுமையானது. தொற்றைப் பரப்பும் நிலையிலிருந்த காசநோயாளிகள் பல லட்சம் பேர். அவர்களுக்கென இருந்த படுக்கைகளோ சில பத்தாயிரங்களைத் தாண்டவில்லை. எல்லோருக்கும் சானடோரியம் கட்டுவதென்றால் தலைமுறைகள் ஆகும். அதுவரை நோயாளிகள் காத்திருக்க மாட்டார்கள், இறந்துவிடுவார்கள். அப்படியானால் மருந்தைக் கையில் கொடுத்து வீட்டிற்கு அனுப்பிவிடலாமா? பலர் தயங்கினர். குடிசையில், ஒற்றை அறையில், அரை வயிற்று உணவோடு, குழந்தைகள் பக்கத்தில் படுத்துறங்க, ஒருவர் குணமடைய முடியுமா? குணமடைவதற்குள் அந்தக் குழந்தைகளுக்கும் நோயைக் கொடுத்துவிட மாட்டாரா?

இந்த வினாக்களுக்கு விடைதேடவே 1956இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் அதில் கைகோத்தன. பிரிட்டனிலிருந்து வந்த வாலஸ் ஃபாக்ஸ் ஆய்வை வழிநடத்தினார். 1920இல் காசநோயாளி என்று கருதப்பட்ட நிலையில் கணிதமேதை ராமானுஜன் உயிர்நீத்ததும் இதே சேத்துப்பட்டில்தான். (அவரைக் கொன்றது காசநோய்தானா என்று பிற்காலத்தில் ஐயம் எழுந்தது வேறு கதை.)

இரு பிரிவுகள், நான்கு வினாக்கள்

சென்னையின் ஏழைக் குடியிருப்புகளைச் சேர்ந்த 193 நோயாளிகள் தற்செயல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்திற்குச் சென்றனர். மற்றவர் தம் வீட்டிலேயே இருந்தனர். ஓராண்டுக் காலம் இரு சாராருக்கும் ஒரே மருந்துகள்: ஐசோநயாசிட், பாஸ். வேறுபட்டவை காற்று, ஓய்வு, உணவு, விலகல் ஆகியவையே. அதாவது, சானடோரியத்தின் நான்கு தூண்களும் ஒருசேரச் சோதனைக்கு உள்ளாயின.

வீட்டிலிருந்தோர் நெருக்கடியான இடங்களில் வாழ்ந்தனர், குறைவாக உண்டனர், கூடுதலாக உழைத்தனர். கலோரியிலும் புரதத்திலும் சானடோரியத்தின் உணவு தெளிவாகவே மேம்பட்டது. அங்கிருந்தோர் எடையும் கூடுதலாக ஏறியது. ஆனால் ஓராண்டு முடிவில் சளியில் கிருமி இல்லாத நிலையை அடைந்தவர்கள் வீட்டுப் பிரிவில் 86 விழுக்காடு, சானடோரியப் பிரிவில் 92 விழுக்காடு. ஐந்தாண்டுகள் பின்தொடர்ந்தபோது இரு பிரிவினரிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. நான்கு தூண்களையும் எடுத்துவிட்ட பிறகும் கட்டடம் நின்றது. அதைத் தாங்கியிருந்தது மருந்து.

குடும்பத்தினரைப் பற்றிய முடிவு இன்னும் வியப்பூட்டியது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பங்களில் புதிதாக நோய் கண்டவர்களின் விகிதம், சானடோரியத்திற்குச் சென்றவர்களின் குடும்பங்களைவிட மிகுதியாக இல்லை. காரணத்தை எண்ணிப்பார்த்தால் விளங்கும். ஒருவருக்குக் காசநோய் என்று கண்டறியப்படுவதற்கு முன் பல மாதங்கள் அவர் இருமிக்கொண்டேதான் இருக்கிறார். தொற்றும் ஆபத்தின் பெரும்பகுதி அந்த மாதங்களில் அடங்கிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் தொற்றும் ஆற்றல் விரைந்து குறைகிறது. நோயாளியைப் பிரித்து எடுத்துச்செல்லும் வண்டி, செய்யவேண்டிய வேலை முடிந்தபின் வந்து நிற்கும் வண்டியே.

1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் இந்த முடிவுகள் விரிவாக வெளியாயின. குடும்பத் தொற்று பற்றிய கட்டுரை 1960இலும், உணவு பற்றியது 1961இலும் தொடர்ந்தன. எஸ். தேவதத்தா, சி. வி. ராமகிருஷ்ணன், எஸ். ராதாகிருஷ்ணா, எஸ். வேலு ஆகிய பெயர்களை அவற்றில் காண்கிறோம். பின்னர் உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் இந்தச் சென்னை ஆய்வு முதன்மையானது. ஏழை நாட்டில் ஏழைகளிடையே செய்யப்பட்ட ஆய்வொன்று பணக்கார நாடுகளின் மருத்துவ நடைமுறையையும் மாற்றியது.

மாத்திரையும் மனிதரும்

ஆயினும் ஆய்வின் வெற்றியை எளிதாகப் படித்துவிடக்கூடாது. வீட்டிலிருந்த நோயாளி கையில் மாத்திரையோடு தனித்து விடப்படவில்லை. மையத்தின் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டிற்குச் சென்றனர். மீதமிருந்த மாத்திரைகளை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று பார்த்தனர். வராதவரைத் தேடிச்சென்று பேசி அழைத்துவந்தனர். பாஸ் நாளொன்றுக்குப் பல கிராம் விழுங்கவேண்டிய, வயிற்றைப் புரட்டும் மருந்து. இருமல் நின்று, உடம்பு தேறி, வேலைக்கும் போகத் தொடங்கியவர் அதைப் பல மாதங்கள் விடாமல் விழுங்குவது எளிதா? நோயாளிகள் தாமே மருந்து உட்கொள்வதிலுள்ள சிக்கலைப் பற்றி ஃபாக்ஸ் 1958லேயே தனிக்கட்டுரை எழுதினார்.

அதன் தொடர்ச்சியாக, வாரம் இருமுறை மட்டும் பணியாளர் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையை மையம் சோதித்து 1964இல் முடிவுகளை வெளியிட்டது. 1990களில் டாட்ஸ் என்ற பெயரில் உலகெங்கும் பரவிய நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சையின் வேர்களுள் ஒன்று இங்கே இருக்கிறது. நோயாளியை நம்பாத முறை இது என்ற விமர்சனமும் அதனோடு சேர்ந்தே வளர்ந்தது.

அந்த விமர்சனத்திற்கு வலுவூட்டும் ஆய்வொன்று பக்கத்திலேயே நடந்திருந்தது. 1959இல் பெங்களூரில் தேசியக் காசநோய் நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கே பணிபுரிந்த தேபபர் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் தும்கூர் மாவட்டக் கிராமங்களில் காசநோயாளிகளைச் சந்தித்து, தம் நோய்க்குறிகளை அவர்கள் எவ்வாறு உணர்கிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று கேட்டறிந்தனர். கிராமத்து மக்கள் அறியாமையால் மருத்துவமனையை நாடுவதில்லை என்பதே அதுவரை படித்தவர்களின் எண்ணம். 1963இல் வெளியான முடிவு அதைப் பொய்யாக்கியது. பெரும்பாலோர் தம் உடல்நிலையைப் பற்றி அறிந்திருந்தனர், கவலைப்பட்டனர். பாதிக்கு மேற்பட்டோர் மருத்துவ உதவியை நாடிச் சென்றுமிருந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஒரு புட்டி இருமல் மருந்து. குறை மக்களிடமா அமைப்பிடமா என்ற வினாவை இந்தச் சமூகவியல் ஆய்வு திருப்பி வைத்தது. சேத்துப்பட்டின் மருத்துவ ஆய்வை இதனோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் சித்திரம் நிறைவுபெறுகிறது.

கேட்கப்படாத வினா

இனி உணவுக்கு வருவோம். உணவு குறைவாக இருந்தபோதிலும் மருந்து வேலை செய்தது என்பது 1961 கட்டுரையின் முடிவு. அது உண்மை. ஆனால் பின்வந்த பல்லாண்டுகளில் அது, காசநோய்க்கு உணவு ஒரு பொருட்டன்று என்பதுபோல் கையாளப்பட்டது. மருந்தைக் கொடுத்தால் போதும், சோற்றைப் பற்றிச் சுகாதாரத்துறை கவலைப்பட வேண்டியதில்லை என்று அரசுகள் எண்ணிக்கொள்ள அது வசதியாக அமைந்தது. ஆய்வு கேட்ட வினா, நோய் வந்தவரிடம் மருந்து பயன்தருமா என்பது. பசித்த உடம்பில் நோய் எளிதில் வருமா என்பது வேறு வினா. அதை அந்த ஆய்வு கேட்கவேயில்லை.

அந்த வினாவிற்கு விடை கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 2019க்கும் 2022க்கும் இடையே ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் ‘ரேஷன்ஸ்’ என்ற ஆய்வு நடந்தது. 2,800 நோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 10,345 பேர் பின்தொடரப்பட்டனர். நோயாளிகள் அனைவருக்கும் உணவுப்பொருள் வழங்கப்பட்டது. ஒரு பிரிவில் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் நுண்சத்து மாத்திரைகளும் கூடுதலாகக் கொடுக்கப்பட்டன. அக்குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. கிருமி உறுதிசெய்யப்பட்ட நோய் 48 விழுக்காடு குறைந்தது. அனுராக் பார்கவா, மாதவி பார்கவா முதலானோர் 2023இல் லான்செட் இதழ்களில் இம்முடிவுகளை வெளியிட்டனர். 1978இல் காசநோய் ஆராய்ச்சி மையம் என்றும், 2011இல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்றும் பெயர் மாறிய அதே சேத்துப்பட்டு நிறுவனத்தாரும் இந்த ஆய்வில் பங்கேற்றிருந்தனர்.

ஆக, 1959இன் முடிவு பொய்யாகவில்லை. அதன் எல்லைதான் இப்போது தெளிவாகியிருக்கிறது. சானடோரியத்தின் படுக்கையின்றியே ஏழை நோயாளி குணமடையலாம் என்று சேத்துப்பட்டு காட்டியது. அவர் வீட்டில் எஞ்சியிருப்போர் நோயுறாதிருக்க அரிசியும் பருப்பும் வேண்டும் என்று ஜார்க்கண்ட் காட்டியது. முன்னது கொள்கையாக மாறியதற்குக் காரணம், அது அரசின் செலவைக் குறைத்தது என்பதும்தான். பின்னது செலவைக் கூட்டுவது. அதற்கும் அதே வேகத்தில் செவிசாய்க்கப்படுகிறதா என்பதையே நாம் இனிக் கவனிக்கவேண்டும்.

‘க்ஷயம்’ என்ற பழைய சொல்லுக்குத் தேய்வு என்று பொருள். நோய்க்கு அப்பெயரை வைத்தவர்கள், தேய்ந்த உடம்பைத்தான் முதலில் பார்த்தார்கள். நுண்ணோக்கியில் கிருமியைக் கண்டபின் நாம் அந்த உடம்பைச் சற்றே மறந்திருந்தோம்.