சேத்துப்பட்டு கேட்ட கேள்வியும் திருவள்ளூர் சொன்ன பதிலும்

காசநோய்க்கு நம் பக்கத்தில் க்ஷயரோகம் என்று பெயர். என் சிறு வயதில் அந்தப் பெயரைக்கூட யாரும் உரக்கச் சொல்ல மாட்டார்கள். 'அந்த வியாதி' என்பார்கள். எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948-ல் அந்த நோயில்தான் போனார். ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்து அப்போதுதான் உலகத்துக்கு வந்திருந்தது. ஏழை வீட்டுக்கு அது எட்டாத பொருள்.

அந்தக் காலத்து வைத்தியம் சானடோரியம்தான். நல்ல காற்று, முட்டை, பால், மாதக்கணக்கில் படுக்கை. தாம்பரத்தில் டாக்டர் சவுரிமுத்து 1928-ல் தொடங்கிய சானடோரியம் இன்று ஒரு ரயில் நிலையத்தின் பெயராக நிற்கிறது. திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரை சித்தூர் மாவட்டத்தில் இருந்தது என்பது நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அதனால் மதனப்பள்ளி ஆரோக்கியவரம் சானடோரியமும் அன்று நம் மாவட்டத்து ஆஸ்பத்திரிதான். ஆனால் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள்; நாடு முழுவதும் கட்டில்கள் சில ஆயிரம்தான்.

இந்த நிலையில்தான் 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து நடத்தின. ஐந்தாண்டுத் திட்டமாகத்தான் முதலில் நினைத்தார்கள். தொடக்க ஆண்டுகளில் தலைமை ஏற்றவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர்.

அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது. மருந்து ஒன்றே என்றால், நோயாளி சானடோரியத்தில்தான் படுக்க வேண்டுமா, வீட்டிலேயே இருக்கலாமா? சென்னை நகரத்து ஏழை நோயாளிகள் 193 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதி வீட்டில் இருந்தது. இரு தரப்புக்கும் ஓராண்டு ஐ.என்.எச்., பாஸ் என்ற இரண்டு மருந்துகள். வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, இடம் நெருக்கடி, வேலையும் உண்டு. மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரையும் சோதித்தார்கள்.

1959-ல் முடிவு வெளிவந்தது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியிருந்தது. வீட்டில் 86 சதவீதம். கட்டிலும் முட்டையும் பாலும் சேர்ந்து தந்த வித்தியாசம் அவ்வளவுதான். அதைவிடப் பெரிய செய்தி, வீட்டில் வைத்து வைத்தியம் பார்த்ததால் மனைவி மக்களுக்கு நோய் தொற்றுவது கூடவில்லை என்பது. மருந்து தொடங்குமுன் தொற்றியதுதான் தொற்று. உலகம் முழுவதும் காசநோய் வைத்தியம் சானடோரியத்தை விட்டு வீட்டுக்கு வந்ததற்குச் சேத்துப்பட்டு ஒரு முக்கியக் காரணம்.

இதன் அருமை எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்ததல்ல. 1962 வாக்கில் என் தாய்மாமாவுக்கு அந்த வியாதி வந்தது. தனித் தட்டு, தனி டம்ளர், மாட்டுக் கொட்டகையை ஒட்டிய அறை. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்தகம் போய்விடுவதென்று அத்தை மூட்டையும் கட்டிவிட்டாள். அரசு ஆஸ்பத்திரி டாக்டர்தான் அவளை உட்கார வைத்து, "மருந்தை நிறுத்தாமல் கொடும்மா, வீட்டிலேயே இருக்கட்டும், பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது" என்றார். அத்தை மூட்டையைப் பிரித்தாள். மாமா அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் இருந்தார். அந்த டாக்டர் தைரியமாக அப்படிச் சொல்வதற்குச் சென்னையில் 193 பேர் சாட்சி சொல்லியிருந்தார்கள் என்பது எனக்கு வெகு காலம் கழித்துத்தான் தெரிந்தது.

அடுத்த கதை நமக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது. பி.சி.ஜி. தடுப்பூசியை நாடெங்கும் போட்டுக்கொண்டிருந்த காலம். கிண்டியில் அதைத் தயாரிக்க 1948-லேயே ஆய்வுக்கூடம் வந்துவிட்டது. ராஜாஜி 1955-ல் அதை எதிர்த்து ஒரு சிறு நூலே எழுதினார். டாக்டர்கள் மறுத்தார்கள். உண்மையில் உலகத்திலேயே அப்போது ஒருமித்த பதில் இல்லை. பிரிட்டன் பள்ளிப் பிள்ளைகளிடம் 80 சதவீதம் அளவுக்குப் பலன். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. நம் மண்ணில் எப்படி?

அதைத் தீர்த்துக்கொள்ள அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றியுள்ள 209 கிராமங்களையும் சில சிற்றூர்களையும் தேர்ந்தெடுத்தார்கள். 1968 முதல் 1971 வரை வீடு வீடாகப் போய்ச் சுமார் 2,80,000 பேருக்கு ஊசி போட்டார்கள். மூன்றில் ஒரு பங்கினருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்பது போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. பிறகு வருஷக்கணக்கில் அதே ஊர்களுக்குத் திரும்பத் திரும்பப் போய் எக்ஸ்ரே எடுத்தார்கள், சளியைச் சோதித்தார்கள்.

ஏழரை ஆண்டு கழித்து, 1979-ல் பதில் வந்தது: பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்த ஊசி தடுக்கவில்லை. பதினைந்தாண்டுக் கணக்கும் அதையே சொன்னது. சிறுவர்களிடம் மட்டும் கொஞ்சம் பலன் தெரிந்தது. நம் மண்ணிலும் நீரிலும் உள்ள, காசநோய்க் கிருமிக்குத் தூரத்து உறவான கிருமிகள் ஏற்கெனவே நம் உடம்பைப் பழக்கிவிட்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

அப்படியானால் ராஜாஜி சொன்னதுதான் சரியா என்று கேட்பீர்கள். பாதிதான். கைக்குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் காசநோயை இந்த ஊசி நன்றாகவே தடுக்கிறது என்று வேறு ஆய்வுகள் காட்டின. அதனால்தான் பிறந்த குழந்தைக்கு இன்றும் போடுகிறார்கள். ஆனால் ஊசி போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று அரசாங்கங்கள் உட்கார்ந்துவிட முடியாது, நோயாளியைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தே தீர வேண்டும் என்பதைத் திருவள்ளூர் கிராமங்கள் உலகத்துக்குச் சொல்லிவிட்டன.

அத்தனை வருஷ உழைப்புக்குப் பிறகு 'இல்லை' என்று வந்த பதிலை மூடி மறைக்காமல் அப்படியே வெளியிட்டார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பள்ளியில் அறிவியல் நடத்திய காலத்தில் பாடப்புத்தகத்தில் வெற்றிகளை மட்டும்தான் பார்த்திருக்கிறேன். வெற்றி அளவுக்கு 'இல்லை' என்பதும் ஓர் அறிவு.

ஐந்து வருஷத்துக்கென்று தொடங்கிய சேத்துப்பட்டு மையம் 1978-ல் காசநோய் ஆராய்ச்சி மையமாகி, 2011-ல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர் பெற்றது. அங்கே நடந்த ஆய்வுகளில் டாக்டர்கள் பெயர் இருக்கிறது. கையை நீட்டியவர்கள் பெயர் எங்கும் இல்லை. அன்று பத்து வயதில் ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு இன்று அறுபதைத் தாண்டியிருக்கும். திருவள்ளூர் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால், ஜீப்பும் எக்ஸ்ரே வண்டியும் ஊருக்குள் வந்தது நினைவிருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சொன்னால் ஒரு தாளில் குறித்து வையுங்கள். அவர்களும் இந்த வரலாற்றை எழுதியவர்கள்தான்.