இருப்பதா, பெயர்வதா? கல்வெஸ்ரன் மக்களும் கடற்புயலும்

பெரும்புயலொன்று வந்து ஓய்ந்தபின் இறந்தோர் தொகையைப் பத்திரிகையிற் படிக்கும் நாம் முதலிற் கேட்பது ஒரே கேள்விதான். "இவர்கள் ஏன் முன்னரே எழுந்து போகவில்லை?" என்பதே அது. கேட்பவர் உலர்ந்த நிலத்தில் இருந்துகொண்டு கேட்கின்றார். அக்கேள்வியில் இரக்கம் உண்டு. இறந்தவர் அறிவீனர் என்னுந் தீர்ப்பும் அதனுள் மறைந்து கிடக்கின்றது. இத்தீர்ப்பு நியாயமானதுதானா என்பதை அமெரிக்க நாட்டுக் கடற்கரை நகரமொன்றின் வரலாற்றைக்கொண்டு ஆராய முற்படுகின்றோம்.

அத்திலாந்திக் மாகடலிலும் மெக்சிக்கோ வளைகுடாவிலும் எழும் பெருஞ் சுழற்காற்றை அந்நாட்டார் 'ஹரிக்கேன்' என்பர். வங்கக் கடலில் எழுந்து நமது கீழ்க்கரையைத் தாக்குவதை நாம் சூறாவளி என்கின்றோம். பெயர் இரண்டாயினும் பொருள் ஒன்றே. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி மட்டக்களப்புக்கு வந்த காற்றை நேரிற் கண்ட பெரியோருக்கு இதனை நாம் விளக்க வேண்டியதில்லை. இளைஞர் பொருட்டு ஒன்று மட்டுங் கூறுவோம். கரையோர மக்களைப் பெருந்தொகையிற் கொல்வது பெரும்பாலுங் காற்றன்று, நீரே. காற்றுத் தள்ளக் கடல் ஒரு மேடுபோல உயர்ந்து தரைமேல் ஏறும். ஆகவே, 'நமது வீடு காற்றுக்கு நின்றுபிடிக்கும்' என்று எண்ணி இருப்பவர், கணக்கைச் சரியாகவே போடுகின்றார். ஆயின் அது வேறொரு கணக்கு.

ரெக்சாஸ் மாநிலக் கரையோரத்தில், ஒரு விரிகுடாவினால் பெருநிலத்தினின்றும் பிரிக்கப்பட்டு, ஏறத்தாழ 30 மைல் நீளமும் இரண்டு மூன்று மைல் அகலமுங் கொண்டு கிடக்கும் மணற்றீவு கல்வெஸ்ரன். 1900ஆம் ஆண்டில் அதன் கீழைக் கோடியிலிருந்த நகரத்தில் ஏறத்தாழ 38,000 மக்கள் வாழ்ந்தனர். பருத்தி ஏற்றுமதியிற் பெயர்பெற்ற துறைமுகம். செல்வர் பலர் வாழ்ந்த நகரம். இத்துணைச் சிறப்பும் வாய்ந்த அந்நகரின் மிக உயர்ந்த நிலமே கடல்மட்டத்தினின்று ஒன்பது அடிக்குங் குறைவானது.

இவ்வாறான இடத்தில் எப்படித் துணிந்து வாழ்ந்தனர் எனின், பழக்கமே காரணம். புயற்காலங்களில் கடல்நீர் தெருவுக்கு வருவதும் பின் வடிவதும் அவர்களுக்குப் புதியனவல்ல. வீடுகளைக் கால்கள் நாட்டி உயர்த்திக் கட்டியிருந்தனர். கடலடி மெல்லச் சரிந்து செல்வதனால் பேரலைகள் தூரத்திலேயே உடைந்து வலியிழக்கும் என்றும் நம்பினர். உண்மை இதற்கு நேர்மாறானது. ஆழமற்ற சரிவே புயல்நீரை மேலும் உயரச் செய்வது. ஆனால் அன்றைய அறிவு அவ்வளவிற்றே.

எச்சரிக்கை இல்லாமலில்லை. அதே கரையில், தென்மேற்கே மற்றகோர்டா விரிகுடாவில் இந்தியனோலா என்றொரு துறைமுக நகரம் இருந்தது. 1875ஆம் ஆண்டுப் புயல் அதனைச் சிதைத்தது. எஞ்சியோர் மீளக் கட்டினர். 1886ஆம் ஆண்டில் இன்னொரு புயல் வந்து மிச்சத்தையும் அழிக்க, ஊரைக் கைவிட்டுச் சென்றனர். அதனைக் கண்டு கல்வெஸ்ரன் பிரமுகர் சிலர் கடலுக்கு மதில் கட்ட வேண்டுமெனப் பேசத் தொடங்கினர். பேச்சோடு நின்றது. 1891ஆம் ஆண்டில் அந்நகர வானிலை நிலையத்தின் அதிபராகிய ஐசக் கிளைன் என்பவர் உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வரைந்தார். புயலால் கல்வெஸ்ரனுக்குப் பெருந்தீங்கு நேரும் என அஞ்சுவது வெறும் மயக்கமே என்பது அவர் கருத்து. கற்றவர், அரசாங்க உத்தியோகத்தர், தம் தொழிலில் வல்லவர். அவரே அவ்வாறு எழுதியபின் சாதாரண குடிமகன் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே போவான்?

1900ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத் தொடக்கத்தில் புயலொன்று கியூபாத் தீவைக் கடந்தது. புயலறிவிற் கியூபா நாட்டார் தேர்ந்தவர். ஹவானா நகரில் யேசுசபைக் குருமார் நடத்திய பெலன் ஆய்வகம் அக்காலத்தே பெரும் பெயர் பெற்றிருந்தது. அப்புயல் மேற்கு நோக்கி ரெக்சாஸ் பக்கஞ் செல்லும் என அவர்கள் கருதினர். வாஷிங்டனிலிருந்த வானிலைத் தலைமையகமோ அது வடக்கே திரும்பிப் புளோரிடாவைத் தொட்டு அத்திலாந்திக் கரையோரமாகப் போகும் என்றது. இரு கருத்துக்களும் மக்கள் முன் வைக்கப்பட்டிருந்தால் அவர்கள் தாமே நிறுத்துப் பார்த்திருப்பர். அதற்கும் வழியில்லை. கியூபா அப்போது அமெரிக்கப் படையாட்சியின் கீழ் இருந்தது. அங்குள்ளோர் புயற் செய்தி அனுப்பி மக்களை வீணே கலவரப்படுத்துகின்றனர் என்று கூறி, அவர்களுடைய வானிலைத் தந்திகளைச் சில நாட்களுக்கு முன்னரே தடைசெய்வித்திருந்தனர். அதிகாரத்தில் இருப்போர் பிறர் வாயை மூடுவதனால் வரும் கேடு உடனே கண்ணுக்குத் தெரிவதில்லை. இங்கே அது பத்து நாளுக்குள் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை முற்பகலிற் கல்வெஸ்ரனிற் புயற்கொடி ஏற்றப்பட்டது. கொடி ஏறுவதும் இறங்குவதும் துறைமுக மக்கள் பலமுறை கண்ட காட்சியே.

செப்ரெம்பர் 8ஆந் திகதி, சனிக்கிழமை. விடியுமுன்னரே தாழ்ந்த பகுதிகளுக்குள் நீர் வந்துவிட்டது. காற்று வடக்கிலிருந்து வீசிற்று. அத்தீவின் கடல் தெற்கே உள்ளது; வடகாற்று அதனைக் கரையினின்றும் பின்னே தள்ளுவதே இயல்பு. அன்றைக்கு நீர் காற்றை எதிர்த்து ஏறிக்கொண்டிருந்தது. கிளைன் இதன் விபரீதத்தை உணர்ந்தார். தாம் கடற்கரையெங்குஞ் சென்று மக்களை எச்சரித்ததாகப் பிற்காலத்தில் அவர் எழுதினார். ஆய்வாளர் சிலர் அதனை அப்படியே ஏற்கவில்லை. நிச்சயமாக நாம் அறிவது, பிள்ளைகள் தெருவெள்ளத்தில் விளையாடினர் என்பதும், பெரியோரிற் பலர் கடற்கரையிலிருந்த குளிப்புக் கூடங்களை அலை உடைப்பதை வேடிக்கை பார்க்கச் சென்றனர் என்பதுமே.

தீவைப் பெருநிலத்தோடு இணைத்தவை புகையிரதப் பாலங்களும் ஒரு வண்டிப் பாலமும். பிற்பகலில் அவற்றையும் நீர் கொண்டுவிட்டது. மூன்றரை மணியளவில், நகரம் மூழ்குகின்றது என்னுஞ் செய்தியைக் கிளைனின் தம்பி ஜோசெப் ஒருவாறு ஹூஸ்ரன் நகருக்குத் தெரிவித்தார். அவரும் அதே வானிலை நிலையத்தில் ஊழியர். அத்துடன் தொடர்பு அறுந்தது. அதன்பின் தீவை விட்டுப் பெயர்வது என்ற பேச்சுக்கே இடமில்லை. மிஞ்சிய கேள்வி, சொந்த மரவீட்டில் இருப்பதா, மார்பளவு நீரிற் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நகர நடுவிலுள்ள கற்கட்டடம் ஒன்றைத் தேடிப் போவதா என்பதே. போனவர்களில் நூற்றுக்கணக்கானோர் உர்சுலைன் கன்னியர் மடம் முதலிய பெருங் கட்டடங்களிற் புகுந்து பிழைத்தனர். வழியிற் பறந்த கூரைத் தகடுகளாலும் ஓடுகளாலும் வெட்டுண்டு மாண்டவரும் உளர்.

இதே வழக்கு கிளைன் வீட்டிலும் நடந்தது. கடற்கரைக்குச் சில தெருக்கள் தள்ளி இருந்த அவ்வீடு, புயலைத் தாங்கவேண்டும் என்றே பலமாகக் கட்டப்பட்டது. அதனை நம்பி அயலவர் ஏறத்தாழ 50 பேர் அங்கே வந்து கூடியிருந்தனர். நகர நடுவுக்குப் போய்விடுவோம் என்றார் ஜோசெப். இங்கேயே இருப்போம் என்றார் ஐசக். அவர் மனைவி கருவுற்று நோயாய்ப் படுத்திருந்தார். அவரை அந்த வெள்ளத்திற் கொண்டு செல்வது எங்ஙனம்? இருவரும் வானிலை கற்றவர்கள். ஒரே வீட்டில், ஒரே நேரத்தில், ஒரே கடலைப் பார்த்து இரு வேறு முடிவுகளுக்கு வந்தார்கள். 'ஏன் போகவில்லை' என்று கேட்போர் இவ்விடத்திற் சற்றுத் தரித்துச் சிந்திப்பார்களாக.

மாலை ஏழரை மணியளவில், நீர் சில விநாடிகளுக்குள் நான்கடி உயர்ந்ததெனக் கிளைன் தம் அறிக்கையிற் குறிப்பிடுகின்றார். வீடு அதற்கும் நின்றது. காற்றுக்கும் நின்றது. அதனை வீழ்த்தியவை வேறு. கரையோரத்திற் பலங்குறைந்த வீடுகள் முதலில் உடைந்தன. அவற்றின் மரங்கள் அடுத்த வரிசை வீடுகளை மோதின. அவையும் உடைந்து அதற்கடுத்த வரிசையை மோதின. இறுதியில், பெயர்ந்து வந்த தண்டவாளப் பாலமொன்றின் பெரும் பகுதி கிளைன் வீட்டை இடித்துக் கவிழ்த்தது. தன் வீட்டின் பலத்தை அளந்தவர் அயல்வீட்டின் பலவீனத்தை அளக்கவில்லை. உள்ளே இருந்தோரிற் பதினெண்மரே பிழைத்தனர். ஐசக்கும் ஜோசெப்பும் மூன்று பெண்பிள்ளைகளும் மிதந்த மரங்களைப் பற்றி உயிர் தப்பினர். மனைவி இறந்தார். அவருடைய உடல் அம்மாத முடிவில், சிதைவுகளின் அடியிற் கண்டெடுக்கப்பட்டது.

நகருக்கு மேற்கே கடற்கரையோரமாக, புனித மரியாள் அநாதை இல்லம் இருந்தது. 93 பிள்ளைகளும் பத்துக் கன்னியரும் அங்கே வாழ்ந்தனர். பெயர்வதற்கு வழி அடைபட்டபின், பலமான கட்டடத்திற்குப் பிள்ளைகளை மாற்றி, கீதம் பாடச் செய்து அச்சந் தணித்தனர். பின்னர், உடுப்புக் காயப்போடுங் கயிற்றினாற் சிறுவர்களைத் தம் இடையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டனர். ஒருவரையும் கைவிடுவதில்லை என்பது அவர்கள் எண்ணம். கட்டடம் வீழ்ந்தது. வயதிற் சற்று மூத்த பையன்கள் மூவர் மட்டும் ஒரு மரத்தைப் பற்றித் தப்பினர். ஏனையோர் மாண்டனர்; அவர்களிற் சிலர் கயிற்றோடு சேர்ந்து கிடக்கக் கண்டெடுக்கப்பட்டனர்.

இறந்தோர் 6,000 பேருக்குக் குறையார். 8,000 என்பாரே பலர். ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றில் இத்துணைப் பேரை ஒருங்கே கொண்ட இயற்கை அழிவு வேறில்லை. உடல்களைக் கப்பலிலேற்றிக் கடலிலிட்டனர். அலை அவற்றைத் திரும்பக் கரைக்குக் கொண்டுவந்தது. பின்னர் எரித்தனர்.

கல்வெஸ்ரன் மக்கள் இந்தியனோலாக்காரரைப் போல ஊரை விட்டுப் போகவில்லை. 1902இல் தொடங்கி 1904இல் மூன்று மைலுக்கு மேற்பட்ட நீளத்துக்கு 17 அடி உயரக் கடல்மதிலைக் கட்டினர். அதுவுமன்றி இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை நெம்பித் தூக்கி நிறுத்தி, கடலடி மண்ணைக் கொண்டு நகரத்து நிலத்தையே உயர்த்தினர். 1915இல் மீண்டும் பெரும்புயல் வந்தபோது நகருக்குள் மாண்டோர் மிகச் சிலரே.

இனி, செய்மதியும் வானொலியும் தொலைக்காட்சியும் வந்தபின் நிலைமை மாறிற்றா என்பதையுஞ் சிறிது பார்ப்போம். 1969ஆம் ஆண்டில் 'கமீல்' என்னும் கொடும்புயல் மிசிசிப்பிக் கரையைத் தாக்கியது. அன்று நீர் எட்டாத வீடுகளுக்குரியோர், 2005 ஓகஸ்ற் மாதத்தில் 'கத்ரீனா' வருகின்றது என்று கேட்டதும், 'கமீலுக்கே நனையாத வீடு இது' என்று சொல்லி இருந்துவிட்டனர். கத்ரீனா கரையேறியபோது அதன் காற்று கமீலினதிலும் வேகங் குறைந்தது. ஆயினும் பரப்பிற் பெரிது. ஆகவே அது தள்ளி வந்த நீர் மிகுதி. அந்த வீடுகளும் போயின. 2005இல் இறந்த பலரைக் கொன்றது கமீலே என்று அக்கரை மக்கள் பின்னர் கூறலாயினர்.

நியூ ஒலியன்ஸ் நகரில் வெளியேறும்படி கட்டளை பிறந்தது ஓகஸ்ற் 28ஆந் திகதி, புயலுக்கு ஒருநாள் முன்னர். அந்நகரின் இல்லங்களில் நான்கிலொன்றுக்கு மேற்பட்டவற்றில் மோட்டார் வண்டி இல்லை. மாதக் கடைசி, கையிற் பணமும் இல்லை. 'போ' என்றார்களேயன்றிக் கொண்டுபோக ஒழுங்கு செய்தாரில்லை. நாயையும் பூனையையும் புகலிடங்களிற் சேர்க்கமாட்டோம் என்றதனால் வீட்டிலேயே இருந்து மடிந்தோரும் உளர். மறு ஆண்டில் அதற்கெனத் தனிச்சட்டமே இயற்றினர்.

பெயர்வதே எப்போதும் நன்று என்று துணிந்துவிடவும் முடியாது. கத்ரீனாவுக்கு மூன்று வாரத்தின் பின் 'றீற்றா' என்னும் புயல் வந்தது. முன்னைய அழிவைக் கண்டு நடுங்கிய ஹூஸ்ரன் பகுதி மக்கள் இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒருங்கே வீதிக்கு வந்தனர். வண்டிகள் மணிக்கணக்கில் நகரவில்லை, எரிபொருள் தீர்ந்தது, வெயில் கொதித்தது. முதியோர் இல்லமொன்றிலிருந்து நோயாளரை ஏற்றிவந்த பேருந்து தீப்பற்றி 23 பேர் மாண்டனர். அவ்வெளியேற்றத்தில் இறந்தோர் சுமார் நூறு பேர். புயலோ விலகிக் கிழக்கே சென்று கரையேறியது. வீட்டைக் கட்டிப் பார் என்பர் நம்மவர். கட்டிய வீட்டை விட்டுப் போய்ப் பார் என்றுஞ் சொல்லியிருக்கலாம்.

2008 செப்ரெம்பரில் 'ஐக்' என்னும் புயல் கல்வெஸ்ரனையே நாடி வந்தது. இம்முறை எச்சரிக்கையிற் குறைவில்லை. ஓரிரு மாடி வீடுகளில் இருப்போருக்குச் சாவு நிச்சயம் என்று வானிலை நிலையத்தார் வெளிப்படையாகவே அறிவித்தனர். அப்படியிருந்தும் பல்லாயிரவர் தீவைவிட்டு நீங்கவில்லை. முன்னே மதில் காத்து நின்றது. நீர் பின்புறத்து விரிகுடா வழியே வந்து நகருட் புகுந்தது. எனினும் இருந்தவர்களிற் பெரும்பாலோர் பிழைத்தனர். நிச்சயம் என்று சொல்லப்பட்ட சாவு தமக்கு வரவில்லை என்பதை அவர்கள் மறக்கமாட்டார்கள்.

கால்வாய்க்கு அப்பால், மதிலில்லாத பொலிவார் குடாநாட்டில் வேறொன்று நடந்தது. புயல் அன்றிரவு கழிந்தே கரையேறும் என்று அறிந்து, வெள்ளிக்கிழமை காலையிற் புறப்படலாமெனச் சாமான்களைக் கட்டி ஆயத்தமாய் இருந்தோர் அங்கே பலர். விடியும்போது அவர்களுடைய ஒரே வீதி நீருக்குள் இருந்தது. ஹெலிகொப்ரர்கள் வந்து முடிந்தவரை ஏற்றிச் சென்றன. எஞ்சியோர் வீடுகளுக்குத் திரும்பி மேல்மாடி ஏறினர். புயலின் மையம் கரையேறியது சனிக்கிழமை அதிகாலை இரண்டு மணியளவில்.