உதிரிப் பாகங்களிலிருந்து துப்பாக்கி: அமெரிக்கச் சட்ட வரலாறு

ஐக்கிய அமெரிக்காவில் முழுத் துப்பாக்கியாக வாங்காமல், அதன் உதிரிப் பாகங்களைத் தொகுப்பாக வாங்கி வீட்டிலேயே இணைத்துக்கொள்ளும் வழக்கம் பல பத்தாண்டுகளாக இருந்துவருகிறது. இவ்வாறு உருவாக்கப்படுபவற்றுள் பல அரைத் தானியங்கித் துப்பாக்கிகள். இவ்வகையில் விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு குண்டு மட்டுமே வெளியேறும். அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை தொடர்ந்து சுடுவது தானியங்கித் துப்பாக்கி.

பெட்டியில் பாகங்களாகக் கிடக்கும்போது அது துப்பாக்கியா, இரும்புத் துண்டுகளா? அமெரிக்கச் சட்டம் இக்கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளது.

ஒரே அளவில் பாகங்கள்

18ஆம் நூற்றாண்டு வரை ஒவ்வொரு துப்பாக்கியையும் கொல்லர் தனித்தனியே அராவிப் பொருத்தினார். ஒன்றின் பாகம் மற்றொன்றில் சேராது. பிரான்சில் ஓனோரே பிளான் என்பவர் எல்லாப் பாகங்களையும் ஒரே அளவில் செய்ய முயன்றார். அங்கு அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன் 1785இல் அவருடைய பட்டறைக்குச் சென்று, கலந்து கிடந்த பாகங்களைக் கைக்கு வந்தபடி எடுத்துத் தாமே இணைத்துப் பார்த்தார், அவை பொருந்தின. அமெரிக்காவில் இம்முறையை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் ஜான் ஹால். ஹார்ப்பர்ஸ் ஃபெரி படைக்கலச் சாலையில் 1820களில் அவர் அதைச் சாதித்தார். எந்தப் பாகமும் எந்தத் துப்பாக்கியிலும் பொருந்தும் என்ற நிலை வந்த பிறகே, பாகங்களைத் தனியே விற்கும் வணிகத்துக்கு வழி பிறந்தது.

1968ஆம் ஆண்டுச் சட்டம்

1938இல் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், துப்பாக்கியின் எந்தப் பாகத்தையும் துப்பாக்கியாகவே கருதியது. ஒவ்வொரு சிறு பாகத்துக்கும் பதிவேடு வைப்பது நடைமுறையில் இயலவில்லை.

1963இல் அதிபர் ஜான் கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டார். அதற்குப் பயன்பட்டது, பொய்ப் பெயரில் அஞ்சல் வழியே வாங்கப்பட்ட பழைய இத்தாலிய இராணுவத் துப்பாக்கி. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபரில் அதிபர் லிண்டன் ஜான்சன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் கையெழுத்திட்டார். மாநிலம் கடந்து தனிநபருக்கு அஞ்சலில் துப்பாக்கி விற்பது தடைசெய்யப்பட்டது. உரிமம் பெற்ற தயாரிப்பாளரும் இறக்குமதியாளரும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் வரிசை எண் பொறிக்க வேண்டும் என்றானது.

பாகங்களைப் பற்றிய விடையும் மாறியது. சுடும் இயக்க உறுப்புகளைத் தாங்கும் உடற்பகுதி 'ரிசீவர்' எனப்படும். அதை மட்டும் சட்டம் துப்பாக்கியாகக் கொண்டது. குழல், கட்டை, விசை ஆகியவை வெறும் உதிரிகளாயின. விற்பனைக்கு அல்லாமல் தன் பயன்பாட்டுக்காகத் துப்பாக்கி செய்பவருக்குக் கூட்டாட்சிச் சட்டப்படி உரிமமும் தேவையில்லை. வரிசை எண்ணும் கட்டாயமில்லை.

வெட்டப்பட்ட இராணுவத் துப்பாக்கிகள்

பனிப்போர் முடிந்தபின் ருமேனியா, ஹங்கேரி, போலந்து போன்ற நாடுகளின் பழைய ஏ.கே. வகைத் துப்பாக்கிகள் கிடங்குகளில் மிஞ்சின. தானியங்கித் துப்பாக்கியின் ரிசீவரைச் சட்டம் இயந்திரத் துப்பாக்கியாகவே கருதியதால், அதை வெட்டி அழித்துவிட்டு எஞ்சிய பாகங்களை அமெரிக்காவுக்குள் கொண்டுவந்தனர். வாங்கியவர்கள் அரைத் தானியங்கி இயக்கத்துக்கென அமெரிக்காவில் செய்யப்பட்ட புதிய ரிசீவரில் அவற்றைப் பொருத்தினர். பலருக்கு இது சேகரிப்பும் கைவேலையும் கலந்த பொழுதுபோக்கு.

1989 ஜனவரியில் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன் நகரத் தொடக்கப் பள்ளியில் ஒருவர் ஏ.கே. வகை அரைத் தானியங்கித் துப்பாக்கியால் சுட்டதில் 5 குழந்தைகள் இறந்தனர். அவ்வாண்டே 43 வகை அரைத் தானியங்கித் துப்பாக்கிகளின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. தடைசெய்யப்பட்ட வகையை இறக்குமதிப் பாகங்களால் உள்நாட்டில் உருவாக்குவதையும் 1990இல் நாடாளுமன்றம் தடுத்தது. பின்னர் வந்த விதி 20 பாகங்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் 10க்கு மேல் அயல்நாட்டுப் பாகங்கள் இருக்கக் கூடாது என்றது. 2005இல் இத்தகைய தொகுப்புகளுடன் குழல்கள் வருவதும் நிறுத்தப்பட்டது.

எண்ணில்லாத் துப்பாக்கிகள்

அடுத்த சிக்கல் உள்நாட்டிலேயே எழுந்தது. முற்றுப்பெறாத ரிசீவர்களைச் சில நிறுவனங்கள் விற்றன. வேலை முடியாததால் அது துப்பாக்கி அன்று என்பது அவற்றின் வாதம். ஆகவே வரிசை எண் இல்லை; வாங்குபவரின் பின்னணியும் சரிபார்க்கப்படவில்லை. இவற்றிலிருந்து உருவானவற்றை மக்கள் 'பேய்த் துப்பாக்கி' என்றனர்.

2013இல் சாண்டா மோனிகாவில் 5 பேரைக் கொன்றவர், பாகங்களிலிருந்து உருவாக்கிய துப்பாக்கியைப் பயன்படுத்தினார். அவர் துப்பாக்கி வாங்கத் தகுதியற்றவர் என மாநில அரசு முன்பே மறுத்திருந்தது. 2017இல் ராஞ்சோ டெஹாமாவில், ஆயுதம் வைத்திருக்க நீதிமன்றத் தடை இருந்த ஒருவர், வீட்டில் செய்த துப்பாக்கிகளால் மனைவியையும் வேறு நால்வரையும் கொன்றார். ஒரு தொடக்கப் பள்ளிக்கும் சென்று சுட்டார். வெடிச்சத்தம் கேட்டவுடன் ஊழியர்கள் பிள்ளைகளை உள்ளே அழைத்துக் கதவுகளைப் பூட்டியதால், அங்கு மாணவர் எவரும் உயிரிழக்கவில்லை. கடையில் மறுக்கப்பட்டவருக்கும் பாகங்கள் கிடைக்கும் என்பதை இந்நிகழ்வுகள் காட்டின.

2021இல் குற்ற விசாரணைகளில் கைப்பற்றப்பட்டதாகக் கூட்டாட்சி அரசுக்குத் தெரிவிக்கப்பட்ட இத்தகைய துப்பாக்கிகள் சுமார் 20,000. இது 2016ஆம் ஆண்டு எண்ணிக்கையைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு.

2025ஆம் ஆண்டுத் தீர்ப்பு

எளிதில் துப்பாக்கியாக மாற்றக்கூடிய தொகுப்பும் துப்பாக்கியே என அதிபர் ஜோ பைடன் அரசு 2022இல் விதி வகுத்தது. அத்தகைய தொகுப்பை விற்பவருக்கு உரிமமும், பொருளுக்கு வரிசை எண்ணும், வாங்குபவருக்குப் பின்னணிச் சரிபார்ப்பும் கட்டாயமாயின. இவ்விதி எதிர்க்கப்பட்டபோது, உச்ச நீதிமன்றம் 2025 மார்ச் 26இல் 7க்கு 2 என்ற பெரும்பான்மையில் அதை ஏற்றது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி நீல் கோர்சச். இணைக்கும் வேலை மிச்சமிருந்தாலும், கடையில் வாங்கி வந்த தொகுப்பை மக்கள் 'மேசை' என்றே சொல்கிறார்கள் என்று அவர் எடுத்துக்காட்டினார். எனினும், எல்லாத் தொகுப்புகளும் இவ்விதிக்குள் அடங்கும் என்று தீர்ப்பு கூறவில்லை. சட்டத்தில் இல்லாததை நிர்வாகத் துறை சேர்க்கக் கூடாது என்பது மாறுபட்ட நீதிபதிகளுள் ஒருவரான கிளாரன்ஸ் தாமஸின் நிலைப்பாடு. சாமுவேல் அலிட்டோவும் தீர்ப்பிலிருந்து மாறுபட்டார்.

இரு தரப்பினரும் ஒரே 1968ஆம் ஆண்டுச் சட்டத்தையே எடுத்துப் பேசினர். ஒரு வரிசை எண் குண்டைத் தடுக்காது. ஆனால் அந்தத் துப்பாக்கியை யார் செய்தார், யார் விற்றார், யார் வாங்கினார் என்று தேடிச் செல்ல அதுவே முதல் தடயம். பெட்டியில் கிடக்கும் எந்தத் துண்டில் அந்த எண் இருக்க வேண்டும், எப்போதிலிருந்து இருக்க வேண்டும் என்பதே இந்த நெடிய வழக்கின் சாரம்.